இரண்டாம் தரத்தில் தூக்கிய விரல்

முட்டத்தில் ஒரு பெண் தன் கண்ணை ஏலம் போட்டுவிட்டாளாம், எட்டு லட்சத்துக்குப் போனதாம் என்று நாகர்கோவில் டீக்கடை ஒன்றில் கேள்விப்பட்டேன். சொன்னவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஆகவே நம்பவில்லை. ஆனால் எட்டு லட்சம் என்றால் எந்தப் பொய்யையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். பஸ் ஏறினேன்.

கண் இருந்தது. சரியாகச் சொன்னால், ஒன்று இருந்தது. சொந்தக்காரி பெயர் ஜாஸ்மி, இருபத்தொரு வயது. துறைமுகத்தில் மீன் ஏலம் விளிப்பவள். அப்பா இஞ்ஞாசிக்குத் தொண்டை போனதும் அவர் இடத்தில் ஏறி நின்றாள். பொம்பளை விளித்து நாம் வாங்குவதா என்று முணுமுணுத்தவர்களின் விரல்தான் இப்போது முதலில் எழுகிறது. இடது கண் இல்லை என்பதால் ஆரம்பத்தில் சில வியாபாரிகள் அந்தப் பக்கமாக நின்று விரல் தூக்குவார்கள், விலை கட்டாது என்று தெரிந்ததும், "நான் எப்பம் கேட்டேன்?" என்பார்கள். ஜாஸ்மி சண்டை போடவில்லை. மறுநாள் முதல் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். கடல் விலை கேட்பதில்லை.

அந்தக் கண் போனது ஒன்பது வயதில். கடற்கரையில் கால்பந்து இறுதி ஆட்டம். எட்சன் என்ற இளம் மீன் வியாபாரிக்கு நடுவரின் முடிவு பிடிக்கவில்லை. சோடா பாட்டிலை வீசினார். நடுவர் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் ஜாஸ்மி நின்றிருந்தாள். கேஸ் நடந்தது. எட்சன் ஒன்றரை வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார், வியாபாரத்தைப் பெருக்கினார், மாடி கட்டினார், கால்பந்துக் குழுவுக்குத் தலைவரும் ஆனார். நடுவர்களை மதிக்க வேண்டும் என்று வருஷாவருஷம் மேடையில் பேசுகிறார். நன்றாகவே பேசுகிறார்.

போன வருஷம் ஜாஸ்மி அவர்மேல் எட்டு லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். ஊருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அவன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாச்சுல்லா? ஒரு குத்தத்துக்கு எத்தன தண்டன?" என்று மீன் கூடையோடு நின்ற ஒரு மாமி கேட்டாளாம்.

"ஜெயிலு கவர்மென்டுக்காக்கும் மாமி. கண்ணு எனக்கதுல்லா?"

பதினோரு வருஷம் கழித்து வழக்குப் போட முடியுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அவளுடைய வக்கீல் எலிசா தீர்த்துவைத்தார். "அடிபட்டது பிள்ளையா இருந்தா பதினெட்டு முடியுறது வரைக்கும் கெடு ஓடாது சார். அதுக்குப் பெறவு மூணு வருஷம் உண்டு." சட்டம் பிள்ளைகளிடம் காட்டும் இந்தப் பெருந்தன்மையைப் பெரியவர்களிடம் காட்டுவதில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், சாட்சிக்கூண்டு என்று அலைந்து முடித்துப் பெரியவர் நிமிரும்போது கெடு போயிருக்கும். அடிபடுவதானால் சின்ன வயதிலேயே அடிபட்டுவிட வேண்டும் போலிருக்கிறது.

ஜாஸ்மிக்கு ஆபத்து வேறு பக்கம் இருந்தது. அவளிடம் அதிகமாக மீன் எடுப்பவரே எட்சன்தான். அவர் ஒதுங்கினால் படகுக்காரர்கள் வேறு ஆளை ஏலம் விளிக்கக் கூப்பிடுவார்கள். கண்ணுக்கு விலை கேட்கப் போய்த் தொண்டைக்கும் வேலை இல்லாமல் போய்விடும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை எட்சன் வந்து வழக்கமான இடத்தில் நின்றார். ஒரு பேச்சும் இல்லை. விளித்தாள், வாங்கினார். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது.

கோர்ட்டு இருவரையும் சமரச மையத்துக்கு அனுப்பியது. அந்த அறையில் நடப்பது வெளியே போகக்கூடாது என்பது விதி. முட்டத்தில் எனக்கு அங்கே நடந்ததைச் சொல்லாதவர் யாருமில்லை. எட்சனே இருமுறை சொன்னார்.

எட்சன் இரண்டு லட்சத்தில் நின்றார். அவருடைய வக்கீல், வழக்கு நடந்தால் இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று நினைவூட்டினார். மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது ஜாஸ்மி எழுந்து, துறைமுகத்துக் குரலை எடுத்தாள்.

"எட்டு லட்சம்... ஒரு தரம்!"

மத்தியஸ்தர் கண்ணாடியைக் கீழே போட்டார்.

"எட்டு லட்சம்... ரெண்டு தரம்!"

எட்சனின் விரல் எழுந்தது.

விரலுக்குப் பல வருஷப் பழக்கம். எட்சன் முதல் தரத்தில் அசையமாட்டார். மூன்றாம் தரத்துக்கு விட்டுவைக்கவும் மாட்டார். அது அவர் விரலுக்குத் தெரிந்ததைவிட ஜாஸ்மிக்கு நன்றாகத் தெரியும்.

"இது செல்லாது, விளையாட்டு!" என்று அவருடைய வக்கீல் துள்ளினார்.

எட்சன் தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "இல்ல சார். தூக்கியாச்சு. தூக்கின வெரல மடக்குனா நாளைக்கு எவன் எனக்கு மீன் தருவான்?" பிறகு ஜாஸ்மியிடம், "வெல கூடுதலொண்ணும் இல்ல மக்கா" என்றார்.

என்னிடம் இதைச் சொல்லும்போது ஜாஸ்மி தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். எட்சனும் உயர்த்திக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. கேலி செய்வதற்கென்று போன எனக்கு இரண்டு பேரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று கோபித்துக்கொண்ட வக்கீல் எட்சனை விட்டுவிட்டுத் தன் காரில் போய்விட்டார். எட்சன் முட்டம் பஸ்ஸில் ஏறினார். உள்ளே ஜாஸ்மி. பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, எட்சனுக்கு உண்டு. அவர் நீட்டிய ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று கண்டக்டர் கத்த, ஜாஸ்மி தன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம் செய்தவர்கள் இறங்கும்வரை அயிலை மீன் விலை பேசிக்கொண்டு வந்தார்கள்.

எட்டு லட்சம் சொன்ன தேதியில் பாங்கில் ஏறிவிட்டது. டிக்கெட் காசு மட்டும் வரவில்லை. நான் போன அன்றும் கடைசிக் கூடை முடிந்ததும் கேட்டாள்: "எட்சண்ணே, டிக்கெட்டுக்குள்ள காசு?"

சில்லறைதானே என்று நான் சட்டைப் பையில் கைவிட்டேன். "நான் தந்திரட்டுமா?"

ஜாஸ்மி என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சார், பாட்டில நீங்களா எறிஞ்சிய?"

கையை வெளியே எடுத்தேன். எட்சன் ஐஸ் பெட்டிக்குள் மீனை அடுக்கிக்கொண்டே, நிமிராமல், "நாளைக்குத் தாறேன் மக்கா" என்றார்.