கருவேப்பிலைக்குப் பூசிய சிவப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன்; அதில் ஒன்று என் வயிற்றில் பிறக்காதது, எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு என் பெயரை எழுத வரும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி தர்ஷினி எழுதுகிறாள்.

மலேசியாவில் ஈப்போவில், சிலிபின் பக்கம், மகன் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடியில் தரைவீடு எங்களுடையது. பின்னால் தோட்டம் இரண்டு தட்டாக இருக்கிறது, நடுவே படிகள். கீழ்த்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். மேல்தட்டில் என் கருவேப்பிலை நிற்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது வேரோடு பெயர்த்து, பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்த கன்று. போன மாதம் வீட்டுக்காரத் தவுக்கே, சீன முதலாளி, அளவுநாடாவோடு வந்தார். தோட்டத்தையே மாற்றிக் கட்டப் போகிறாராம்: கீழே சிமெண்டு, படிக்குப் பதில் சரிவு, மேலே பூந்தொட்டி. வயதான நான் படியில் விழுந்துவிடக் கூடாதாம். வாடகை வாங்குகிறவருக்கு என் கால்மேல் என்ன திடீர் அக்கறை? கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறபோது என் கருவேப்பிலையில் சிவப்புச் சாயத்தால் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போனார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. நம் புதுக்கோட்டைப் பக்கம் மரத்தில் சிவப்பு பட்டால் அது சாமி மரம், கிளையை ஒடிக்கவும் பயப்படுவார்கள். எட்டு வயதில் கப்பலேறி வந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு வரிசையாகச் சிவப்பு பூசியிருந்ததைப் பார்த்து என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த வாரம் அத்தனையும் சாய்ந்து கிடந்தன. கடைசியாகப் பூசியது, ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடுவதற்காக. அந்த முறை மரங்களோடு எங்களையும் கிளப்பிவிட்டார்கள்.

அதனால் கத்தியை எடுத்து வளையத்தைச் சுரண்டினேன். மகன் பார்த்துவிட்டான்.

“வீடு அவருது லா, அம்மா. சும்மா இருங்க.”

“வீடு அவருது. மரம் யாருது?”

அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். வாழை போனது, செம்பருத்தி போனது. ரம்பம் மேல்தட்டுக்கு ஏறியதும் நான் கருவேப்பிலையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். தவுக்கே ஓடிவந்தார். சுரண்டிய பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆச்சி, மேரா ஜாங்கான் போத்தோங்.”

சிவப்பு இருந்தால் வெட்டாதே என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

நம்பி நகர எனக்கு மனம் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, நான் நிற்கும்போதே, மரத்தைச் சுற்றி மறுபடியும் பூசினார். என் ரவிக்கையையும் சேர்த்து.

மரம் நிற்கிறது. சரிவும் கட்டியாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. ரவிக்கையை எப்படித் துவைத்தும் முதுகில் அந்தக் கறை போகவில்லை. அது எந்த ஊர்ச் சிவப்பு என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

தர்ஷினி, எழுதினதப் படி. நான் சொன்னது மட்டுந்தான் இருக்கா, நீயும் ஏதாச்சும் பூசி வச்சிருக்கியான்னு பாப்போம்.