அந்த வருடம் யார் கோல் அடிப்பது

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்கு அந்த வருடம் கோல் அடிக்க ஆள் இருக்கிறதா என்ற கவலை, அணியில் இருந்த பதினொரு பேரையும் விட எனக்குத்தான் கூடுதலாக இருந்தது. நான் அணியில் இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்தேன். பந்து என் பக்கம் உருண்டு வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் கவலைப்படுவதற்குப் பந்தடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. மழை வந்தால் கூரைத் தகரம், வராவிட்டால் கிணறு, அப்பா களப்பிலிருந்து வரப் பிந்தினால் அப்பா, நேரத்துக்கு வந்துவிட்டால் ஏன் இறால் படவில்லை என்று, எதையாவது பிடித்துக்கொண்டு தவிப்பது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்த தொழில். பிறகு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இந்தத் தொழிலை இன்றுவரை விடவில்லை.

அதற்கு முந்தின வருடம் எங்கள் அணி தோற்றதற்குப் பின்னுக்கு நின்ற பிள்ளைகள் காரணமில்லை. அவர்களைத் தாண்டி ஒரு நண்டுகூடப் போக முடியாது. முன்னுக்குத்தான் பஞ்சம். முழுப் போட்டியிலும் எங்கள் பெயரில் விழுந்தது ஒரேயொரு கோல். அதையும் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பதற்றத்தில் தன் கம்பங்களுக்குள்ளேயே அடித்துத் தந்திருந்தாள்.

புதிய வருடத்துக்கான கூட்டத்தை விளையாட்டு மாஸ்டர் பத்தாம் வகுப்பில் வைத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு யன்னலோடு நின்று பார்த்தேன். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டார். இடது வட்டத்துப் பிள்ளைக்கு நல்ல கால். ஆனால் காற்று மாறினால் தகப்பனின் மீன்வாடி வேறு கரைக்கு மாறும், அவளும் போய்விடுவாள். வலது வட்டம் சந்திக் கடைக்காரரின் மகள். மின்னல் மாதிரி ஓடுவாள். பந்தை விட்டுவிட்டு ஓடுவாள் என்பது மட்டும்தான் குறை. நடு வட்டத்தைத்தான் மாஸ்டர் சுண்ணக்கட்டி தேயத் தேயச் சுற்றினார்.

"நடுவில இவள் நிண்டால் எனக்கு நித்திரை வரும். இவள் இல்லாட்டி, நாங்கள் போய் வணக்கம் சொல்லிப்போட்டுத் திரும்பி வரலாம்."

இவள் என்றது என் அக்காவை. கடற்கரையில் பெடியன்களோடு அவள் பந்தடிப்பதை மாஸ்டர் தற்செயலாகக் கண்டு, கையோடு பிடித்துவந்து சேர்த்திருந்தார். மணலில் உதைத்துப் பழகிய கால். அவள் அடித்தால் கோயில் மதிலில் பட்டுத் திரும்பும் பந்துக்கே மூச்சு வாங்கும்.

ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி என்பதால் வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மா கொடுக்கவில்லை.

முதல் நாள் அலுமாரித் திறப்பைக் காணவில்லை என்றார். அடுத்த நாள், பத்திரத்தில் ஈரம் பட்டுவிட்டது, காயட்டும் என்றார். மூன்றாம் நாள் அப்பா வரட்டும் என்றார். அப்பா வந்தார். "தாயிட்டைக் கேள்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஊருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. அரைக்காற்சட்டைதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி அம்மாவைப் பாராட்டினார். "நீ செய்யிறது சரி. குமர்ப்பிள்ளை அரைக்காற்சட்டையோட ஓடுறதை ஊரெல்லாம் பாக்க வேணுமோ?" இது மாஸ்டரின் காதுக்குப் போய், முழுக்காற்சட்டை போட்டு அதற்கு மேலே அரைக்காற்சட்டை போடலாம் என்று சொல்லியனுப்பினார். அக்கா குசினி வாசலில் நின்று கத்தினாள்.

"காற்சட்டைதான் பிரச்சினை எண்டால் நான் சீலை உடுத்துக்கொண்டு ஓடுறனணை! பத்திரத்தைத் தாங்கோ."

"பிறகு பாப்பம்."

"எப்ப பிறகு? வெள்ளிக்கிழமை முடிஞ்ச பிறகோ?"

இரண்டு பேரும் காற்சட்டையைப் பற்றியே மூன்று நாள் சண்டை பிடித்தார்கள். உண்மையான காரணத்தைப் பற்றி என் முன்னால் சண்டை பிடிக்க முடியாமல்தான் அப்படிப் பிடித்தார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் என்னால் சாப்பிட முடியவில்லை. அக்கா இல்லாத நடு வட்டம் கண்ணுக்குள் நின்றது. அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் தேடினேன். திறப்பு அரிசி வாளிக்குள் இருந்தது. அலுமாரியின் மேல்தட்டில், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சொப்பிங் பைகளுக்குள் பத்திரம் இருந்தது. ஈரமெல்லாம் இல்லை, மொறுமொறுவென்று இருந்தது. கொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

மாஸ்டர் பத்திரத்தைப் பார்த்தார். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "பதினைஞ்சுதானோ! நான் வயசு தாண்டியிருக்குமோ எண்டு பயந்துகொண்டிருந்தனான். அப்ப இந்த வருசமும் இருக்கிறாள், வாற வருசமும் இருக்கிறாள்!"

அந்தச் செய்தியை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, அக்கா இன்னும் ரெண்டு வருசம் விளையாடலாமாம்!" என்றேன். கத்தி பாதி மீனில் நின்றது.

"ஆரிட்டைக் குடுத்தனி?"

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா வெறுமனே வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அக்காதான் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"விசரி. எனக்குப் பதினைஞ்சில்லை. பதினேழு."

நாட்டில் சண்டை நடந்த காலத்தில், இயக்கத்தில் சேர்க்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு ஆட்கள் வந்தார்கள். வளர்ந்த பிள்ளை இருந்த வீடுகளில் தாய்மார் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். அம்மா இரண்டு வருடம் குறைத்தார். கேட்கிறவர்கள் கையில் கிடைத்துவிடக் கூடாதென்று உண்மையான பத்திரத்தைத் தானே அடுப்பில் போட்டார். பிறகு சண்டை முடிந்து முகாமில் பெயர் பதிந்தபோது, சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அதே வயதையே சொன்னது. பத்திரம் அந்த வயதோடேயே புதிதாக வந்துவிட்டது. இனி உண்மை தெரிந்தால் பொய் எழுதியதற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

"வாயைத் திறந்தியோ, கொன்றுபோடுவன்" என்று அக்கா முடித்தாள்.

கோல் கவலையோடு மறியற்சாலைக் கவலையும் சேர்ந்துகொண்டது. அந்தச் சனிக்கிழமை தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைக் குருசுவாமியின் காதில் சொல்ல வேண்டும். சுவாமியிடம் பொய் சொல்லக் கூடாது, உண்மை சொன்னால் அம்மா போய்விடுவார். வயிற்றுக்குத்து என்று சொல்லிப் பாயில் சுருண்டுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உண்மையிலேயே குத்தியது.

போட்டிக்கு முன்பு மல்லாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு சிநேகித ஆட்டம் வைத்தார்கள். பத்திரம் கொண்டுவந்து கொடுத்த நன்றிக்காக மாஸ்டர் என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். இடைவேளைக்குள் அக்கா இரண்டு கோல் அடித்தாள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி விசிறினார். எனக்குப் பல நாளுக்குப் பிறகு பசித்தது.

இடைவேளைக்குப் பிறகு அக்கா அடித்த பந்து, கோல் காத்த பிள்ளையின் முகத்தில் பட்டது. அந்தப் பிள்ளை அப்படியே மணலில் இருந்துவிட்டாள். மூக்கால் இரத்தம். சீருடை தோளிலிருந்து வழுக்குகிற அளவுக்குச் சின்னப் பிள்ளை. அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவளுடைய தலையைப் பிடித்தாள்.

"ஒண்டுமில்லை அக்கா. உங்கட அடி சரியான பாரம்."

"உனக்கு எத்தினை வயசு?"

"பன்ரெண்டு முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அக்கா கோலை நோக்கி அடிக்கவில்லை. காலுக்கு வந்த பந்தையெல்லாம் வலப்பக்கம் தட்டிவிட்டாள். கடைக்காரரின் மகள் வழக்கம்போலப் பந்தை விட்டுவிட்டு ஓடினாள். இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றோம். வரும் வழியில் அக்கா மாஸ்டருக்குப் பக்கத்தில் போய் இருந்து ஏதோ சொன்னாள். பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

அடுத்த நாள் பின்னேரம் அவருடைய மோட்டார்சைக்கிள் எங்கள் படலையில் நின்றது. அப்பா கதிரை எடுத்துப் போட்டார். மாஸ்டர் அதில் இருக்கவில்லை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குசினி வாசலில் நின்ற அம்மாவிடம் மெதுவாகத்தான் கதைத்தார்.

"பிள்ளை என்னவோ சொல்லுது. பஸ் சத்தத்தில எனக்கு வடிவாக் கேக்கேல்லை எண்டு வைப்பம். இதில பதினைஞ்சு எண்டு கிடக்கு, அரசாங்க முத்திரை கிடக்கு. ஒருத்தரும் கேக்கப் போறேல்லை. நீங்கள் ஓம் எண்டு தலையை ஆட்டினால் காணும்."

ஆட்டுங்கோ அம்மா, ஆட்டுங்கோ அம்மா என்று எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். ஒரு தலையாட்டல். மறியற்சாலையும் இல்லை, நடு வட்டமும் காலியில்லை.

அம்மா கையில் ஒட்டியிருந்த மீன்செதிலைச் சீலையில் துடைத்தார். அக்காவைப் பார்த்தார். அம்மா படியிறங்கி முற்றத்துக்கு வந்தார்.

"இல்லை மாஸ்டர். அவளுக்குப் பதினேழு. வாற தைக்குப் பதினெட்டு."

வேலிக்கு மேலால் மாமியின் தலை தெரிந்தது. "ஆருக்கடி பதினேழு?"

சும்மா இருந்திருக்கலாம். மாமிக்குச் சொல்வதும் சந்தையில் பறை அடிப்பதும் ஒன்று. ஆனால் அம்மா வேலியடிக்கே போனார்.

"என்ர மூத்தவளுக்கு!" என்றார். மாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. "பதினேழு!"

மாஸ்டர் பத்திரத்தைக் கதிரையில் வைத்தார். அவருக்கு அம்மாவைப் பிடித்துக் கொடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. "அப்ப நடுவில நான் ஆரை விடுறது?" என்று பொதுவாகக் கேட்டார். அதுதான் எனக்கும் கேள்வி. அந்த முற்றத்தில் புத்தியோடு பேசியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

அம்மாவோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் வெளியில் சொல்ல முடியாமல் வைத்திருந்த கணக்கையெல்லாம், அக்கா பிறந்த தை மாதத்து வெள்ளத்தையும், மருத்துவிச்சியைத் தோணியில் கூட்டி வந்ததையும், எந்தக் கிழமை, எத்தனையாம் திகதி, விடிய எத்தனை மணி என்பதையும் மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி கேட்காததையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, கோல் அடிக்க ஒருத்தரும் இல்லை, இந்த நேரத்தில் இது என்ன கதை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.