நின்றுகொண்டே டைப் அடித்த அந்தோணிராஜ்

செய்தி வந்தபோது எங்கள் டைப்பிங் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். ஒரு கையில் ஷட்டர், மறு கையில் போன். அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா பேசியது. “அண்ணே, அவரு இன்னும் எந்திரிக்கல.”

நான் என் வழக்கப்படி, “நேத்து நின்ன நிப்புக்கு மத்தியானம் வரைக்கும் தூங்கலாம்மா, விடு” என்றேன். ஸ்டெல்லா மிகவும் நிதானமாக, “நீங்க கொஞ்சம் வாங்கண்ணே” என்றது. கணக்கு டீச்சர் அது. குரல் உடையாது. அந்த நிதானத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பாதி ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டுப் பழங்காநத்தத்திலிருந்து கோச்சடைக்கு வண்டியை விட்டேன். அன்றைக்கு மதுரையின் எல்லா சிக்னலும் எனக்காகச் சிவப்பாகவே நின்றன. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அவன் விரல் வழியாக வந்ததுதான். மீதிப் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் எழுதிய பரீட்சையின் வினாத்தாளும் அவன் அடித்ததுதான். ஆகவே அவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். எங்கள் கடையின் வேலைப் பிரிவினை அப்படி. அவன் டைப் அடிப்பான், நான் பேசுவேன். அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. இதில் யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று இன்று வரை யாரும் விசாரித்ததில்லை.

அவனுடைய வேகத்தைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது, உண்மையே நம்பமுடியாதபடி இருக்கும். பெண்ணின் தகப்பனார் தன் சித்தப்பா பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார், அதற்குள் திரையில் சித்தப்பாவும் அவருடைய சம்சாரமும் வந்து நிற்பார்கள். அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் கீபோர்டு மேல் வடை மாவைத் தட்டிப் போட்டால் வெந்துவிடும். உயரமும் அப்படித்தான். டவுன் பஸ்ஸில் அவன் ஏறினால் கூரை மரியாதையாக ஒரு விரற்கடை மேலே போகும். நான் அவன் தோளுக்குத்தான் இருப்பேன்.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு நாள் நாற்காலி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. இடுப்பிலிருந்து கால் விரல் வரைக்கும் மின்சாரம் ஓடுகிறது என்றான். நானும் பக்கத்து டெய்லரும் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் வைத்தோம். மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்து எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். இனிமேல் நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை ஆகாது, செய்தால் ஆபரேஷன்தான், ஆபரேஷனுக்குப் பிறகும் கால் பழையபடி இருக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அந்தோணி சொன்னான்: “கடை போர்டைக் கழட்டிருவோம் மாப்ள.”

“எதுக்குடா?”

“உக்காராம எப்படி அடிக்கிறது? திண்டுக்கல்ல மச்சினன் பாத்திரக்கடைக்கு ஆள் தேடுறான். சும்மா மேற்பார்வைதான்.”

“பாத்திரத்தை மேற்பார்வை பாக்கணுமா? அதுக என்ன ஓடியா போகும்?”

அவன் சிரிக்கவில்லை. நானும் பேச்சை நிறுத்திவிட்டேன். அது சரித்திரத்தில் அபூர்வமாக நடக்கிற விஷயம். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறு எதிலும் மனசு போனதில்லை. ஒரு பெயரைப் பிழையில்லாமல் அடித்துவிட்டு, கண்ணைச் சுருக்கி அதைப் பார்ப்பானே, அந்த முகம் பாத்திரக்கடையில் வராது.

மறுநாள் என் போனில் வெளிநாட்டு மேசை ஒன்றைக் காட்டினேன். பொத்தானை அமுக்கினால் மேலே எழும்பும், நின்றபடி கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம். விலையைப் படித்ததும் எனக்கும் முதுகு வலித்தது. “பொத்தானுக்குத்தான் மாப்ள இம்புட்டு விலை. நமக்கு மேசை எழும்ப வேணாம். எழும்பின மேசை போதும்” என்றேன். இந்த வாசகத்துக்கு எனக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

டெய்லரிடம் அளவு நாடா வாங்கி வந்தேன். அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொன்னேன். தரையிலிருந்து மடக்கிய முழங்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். மணிக்கட்டு வளையக் கூடாது. திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். நம் மேசைக்கு மேல் ஒன்றரை அடி தேவைப்பட்டது. அந்த ஒன்றரை அடியை எதால் கட்டுவது என்று திரும்பிப் பார்த்தால், மூலையில் ஏ4 பேப்பர் பண்டல்கள் மலைபோல் குவிந்திருந்தன. இரண்டு பக்கமும் அடுக்கி, குறுக்கே ஒரு பலகை போட்டோம். திரைக்கு இன்னும் உயரமாக ஒரு அடுக்கு. ஒரு பைசா செலவில்லை. அந்தோணி நின்றான், அடித்தான். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. நான் உலகத்தை வென்றவன் போல டீ குடிக்கப் போனேன்.

பிறகு அரையாண்டு வினாத்தாள் ஆர்டர் வந்தது. ஏழெட்டுப் பள்ளிகள், எல்லா வகுப்புகளும். நீங்களே யோசித்துப் பாருங்கள், பிரிண்டருக்கு எதைப் போடுவது? மேசையிலிருந்துதான் உருவினோம். தமிழ் முதல் தாளுக்கு இடது பக்கம் ஒரு பண்டல், இரண்டாம் தாளுக்கு வலது பக்கம் ஒரு பண்டல். நியாயமாகத்தான் உருவினோம். மேசை இறங்க இறங்க அவன் வளைந்தான். கணக்குப் பரீட்சை அடிக்கும்போது கேள்விக்குறி போல நின்றான். சமூக அறிவியல் வந்தபோது கீபோர்டுக்குத் தண்டனிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். அங்கிருந்தபடியே சொன்னான்:

“மாப்ள, நீ எனக்கு மேசை செய்யல. மெழுகுவர்த்தி செஞ்சிருக்க.”

மேசையில் குற்றம் இல்லை, பிரிண்ட் எடுத்ததுதான் குற்றம் என்று நான் வாதாடினேன். இன்று வரை அந்த வாதத்திலிருந்து நான் பின்வாங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவன் ஸ்டூலைப் போட்டு மெதுவாக ஏறினான். கடை போர்டின் ஒரு பக்கத்து நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போர்டு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

அவனைக் காப்பாற்றியது அந்த வினாத்தாள்தான். கட்டுகளைக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, பின்பக்கம் உடைந்த பெஞ்சுகளை மழையில் போட்டிருந்தார்கள். அந்தோணி அதில் ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைமையாசிரியை சிஸ்டர் வந்து, “என்ன சார், பழைய ஞாபகமா?” என்றார்.

“இல்ல சிஸ்டர். இது எத்தனாம் கிளாஸ் பெஞ்சு?”

“அஞ்சாம் கிளாஸ். கால் ஆடுது. வெறகுக்குத்தான் போகும்.”

“நான் எடுத்துக்கிடவா? திரும்பவும் அஞ்சாப்புல இருந்து ஆரம்பிக்கலாம்னு பாக்குறேன்.”

ஆட்டோவில் பெஞ்சு வந்தது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தது. மேசைமேல் தூக்கி வைத்தோம். முழங்கைக்கு மேல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கால்களை அளந்து அறுத்தான். ஆடிய காலுக்கு ஆப்பு அடித்தான். பெஞ்சு வழுக்காமல் இருக்க நாலு காலுக்கும் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினான். திரைக்குச் சுவரில் ஒரு பலகை அடித்தான். காலுக்கடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு செங்கல் வைத்தான். கொஞ்ச நேரம் இந்தக் கால் செங்கல் மேல், கொஞ்ச நேரம் அந்தக் கால். பெஞ்சில் எந்தப் பிள்ளையோ காம்பஸால் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று கீறியிருந்தது. அந்தோணி எல்லா வேலையும் முடித்துவிட்டு, கடைசியாக அதை அடித்து ஐம்பத்தாறு என்று கீறினான். வினாத்தாள்காரன் புத்தி.

மறுநாள் காலையில் நான் வந்தபோது போர்டு நேராக இருந்தது. நட்டு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

முதுகு அடங்கியது. ஆனால் மதுரை அடங்கவில்லை. நம் ஊரில் ஒருத்தர் எழுந்து நின்றால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, உங்களுக்கு மரியாதை செய்கிறார். இல்லையென்றால் கடையைச் சாத்தப் போகிறார். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர், “கெளம்பிட்டீங்களாண்ணே? சரி, நாளைக்கு வாரேன்” என்று வாசலோடு திரும்பினார்கள். மீதிப் பேர், “ஐயோ, எனக்காக எதுக்கு எந்திரிச்சுக்கிட்டு? உக்காருங்க” என்பார்கள். “நீங்க உக்காருங்க” என்பான் இவன். “நீங்க நிக்கும்போது நான் எப்படி?” என்பார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். முதல் வரியில் இருந்து ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரைக்கும் இருவரும் நின்றார்கள். நடுவில் காலியாக இருந்த நாற்காலியை இருவரும் மாறி மாறி உபசரித்தார்கள்.

இதில் அடிபட்டவன் நான். நான் பக்கத்தில் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன் அல்லவா? வயல் விற்ற பத்திரம் நகலெடுக்க வந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. “ஒரு மனுசனை இப்படி நிக்க வச்சு வேலை வாங்குறியே, நல்லாருப்பியா?” என்றது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அந்தோணி முந்திக்கொண்டு, “சம்பளமாச்சும் ஒழுங்காத் தாராருங்கம்மா” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த அம்மா போகும்போது அவனுக்கு மட்டும் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலைமேல் சமணர்கள் செதுக்கிய கல்படுக்கையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்தான். கால் ஒரு முழம் வெளியே இருந்தது. “மெத்தை வேணாம்னு டாக்டர் சொன்னப்ப திட்டினேன் மாப்ள. இவங்களுக்கும் டிஸ்க் நகண்டிருக்கும்போல” என்றான். கீழே இறங்கும்போது சொன்னதுதான் எனக்கு முக்கியம். “எல்லாரும் என்னைய நிக்கிற ஆளுங்கிறாங்க. நிக்கிறது மருந்தில்ல. நின்னுக்கிட்டே இருந்தாலும் கேடுதான். ஒரே மாதிரி இருக்காம இருக்கணும், அம்புட்டுத்தான்.” அதனால்தான் அவன் கொஞ்ச நேரம் நின்றான், கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், டீ வந்தால் தெரு முனை வரை நடந்து போய் நின்று குடித்தான். அதன் பிறகு எத்தனை அரையாண்டு, எத்தனை முழு ஆண்டு. திண்டுக்கல் பாத்திரங்கள் தங்களைத் தாங்களே மேற்பார்வை பார்த்துக்கொண்டன.

துக்க வீட்டில் ஒருத்தர் என் காதில் விழும்படி, “நின்னு நின்னேதான் போய்ட்டாரு, பாவம்” என்றார். பதில் சொல்ல நான் எழுவதற்குள் ஸ்டெல்லா திரும்பியது. “உக்காந்திருக்கவங்க எல்லாம் சாகாமயா இருக்காங்க?” என்றது. பிறகு கொஞ்சம் தணிந்து, “அவருக்குப் புடிச்ச வேலையைக் கடைசி நாள் வரைக்கும் செஞ்சிட்டுப் போயிருக்காரு. நேத்துச் சாயங்காலம்கூட ஒரு பத்திரிகை அடிச்சு முடிச்சேன்னாரு” என்றது. அந்தப் பத்திரிகையை நான் பார்த்தேன். பிழை இல்லை.

இப்போது கடையில் நான் மட்டும்தான். பேசுகிறவனே டைப் அடிக்க வேண்டிய நிலைமை. என் வேகத்துக்கு, கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்கள் பிள்ளையின் காதுகுத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம். பெஞ்சு எனக்கு நெஞ்சுக்கு வருகிறது. தச்சரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, “ஒரு சாண் அறுத்தாச் சரியாயிரும்ணே, அஞ்சு நிமிச வேலை” என்று ரம்பத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்.

பேசாமல் தரையில் போட அதே ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகை செய்து தரச் சொன்னேன். அதன்மேல் ஏறி நின்றுதான் இரண்டு விரலால் இதை உங்களுக்கு அடிக்கிறேன். அவனுடைய வேகம் அவனோடு போய்விட்டது. அவன் கண்ணாடியும் பேனாவும் ஸ்டெல்லாவிடம் இருக்கின்றன. நான் வைத்துக்கொண்டது அவன் முழங்கையின் உயரத்தை.