வாப்பாவின் பக்கத்து நாற்காலி

விடுப்பு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அது. தண்ணீர் கேன் ஏற்றிய வேனின் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். சீட் பெல்ட்டும் போட்டாயிற்று. சாவியை நீட்டினால் போடுவதற்கு இடமில்லை. எதிரில் ஸ்டியரிங்கே இல்லை; இந்த ஊரில் அது இடப்பக்கம். கோடவுனுக்குப் புதுப் பொறுப்பாளராக வந்திருந்த எகிப்துக்காரர் ஜன்னல் ஓரம் வந்து "வேர் டிரைவர்?" என்றார். "மீ டிரைவர்" என்றேன். காலியாக இருந்த இடது சீட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "யூ ஹெல்பர். டிரைவர் கம், தென் கோ" என்று சொல்லிவிட்டு, டிரைவர் வரவில்லை என்று ஆபீசுக்குப் போனும் போட்டுவிட்டார். பதினாறு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவன் நான். ஊரில் நாற்பது நாள் இடது கையால் கியர் போட்டதற்கே உடம்பு கட்சி மாறிவிட்டது.

என்னைப் போன்ற டிரைவர்களுக்கு இது பழகிய கூத்துதான். ஊருக்குப் போன புதிதில் இடப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ரோட்டில் கால் வைப்போம். வலப்பக்கமிருந்து வரும் பஸ்காரனிடம் வண்டி வண்டியாக ஏச்சு வாங்குவோம். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். இங்கே திரும்பி வந்தால் மறுபடியும் ஒரு வாரம். இத்தனை வருஷமும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வாப்பாவுக்கு ஏர்வாடியில் தர்காவுக்குப் போகிற வழியில் கடை. பூ, பத்தி, சர்க்கரை விற்பார். வருஷத்துக்கு ஒருமுறை கந்தூரி விழாவுக்கு வந்து போகிறவரைக்கூட, அவர் பெயரையும் அவர் மகள் பெயரையும் மறக்காமல் சொல்லி நலம் விசாரிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. என்னால் உடனே போக முடியவில்லை. மாற்று டிரைவர் கிடைத்தால்தான் விடுப்பு என்றார்கள். முடியவில்லை என்று எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

கூட இருந்து பார்த்ததெல்லாம் ராத்தாதான், என் உடன்பிறந்த அக்கா. தம்ளரைக் காட்டி தம்ளர் என்று சொல்ல வைத்தார். செருப்பைக் காட்டி செருப்பு என்று சொல்ல வைத்தார். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் போனை வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது யாரு வாப்பா? ஜலாலு. சொல்லுங்க, ஜலாலு" என்பார். நாலு மாதம் கழித்து ஒரு நாள் வாப்பா கோணிய வாயால் "ஏலே ஜலாலு" என்றார். நான் வேனை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். அதன்பிறகு ஒரு நாளும் அந்த அழைப்பைத் தவறவிட்டதில்லை.

ஒருவழியாக விடுப்பு கிடைத்து வீட்டு வாசலில் போய் இறங்கினேன். வாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைக்கு வருகிறவரிடம் கேட்பதுபோல மரியாதையாக, "எந்த ஊருலருந்து வாறிய?" என்று கேட்டார். அஸர் முடிந்ததும் ராத்தாவைக் கூப்பிட்டு, "போன எடு. ஜலாலு வருவான்" என்றார். நான் அவர் கட்டிலருகே நின்றுகொண்டிருக்கிறேன். வேறு வழி தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் அங்கிருந்து போன் போட்டேன். "ஏலே ஜலாலு, சாப்டியாலே?" என்று அவர் கேட்டது போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

ராத்தா வீட்டு மச்சானின் காரில் வாப்பாவை ராமநாதபுரத்துக்குக் கைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"எங்க ஊரு கண்மாயில ஒரு மடை அடைச்சுக்கிட்டா தண்ணி வேற பக்கம் போகுமில்லண்ணே, மூளையும் அப்படித்தான். இருந்த வழி போச்சு, புது வழி போட்டுக்கிருச்சு. தெனமும் எத செய்றோமோ அதுக்குத்தான் போடும். அய்யாவுக்கு ஜலாலுங்கிறது போனுக்குள்ள இருக்கிற ஆளு."

"அப்ப நான் தெனமும் பக்கத்துல உக்காந்தா?"

"அதுக்கும் போடும். நீங்க எத்தன நாளு இருப்பிய?"

"நாப்பது நாளு" என்றேன். நிறைய நாள் என்ற நினைப்பில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் வாப்பாவின் விரல்களை நீவத் தொடங்கினாள். ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்குப் புத்தியில் படவில்லை.

மறுநாளே போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கட்டிலின் இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அஸர் முடிந்ததும் இரண்டு தம்ளர் தேநீரோடு போய் உட்கார்ந்துவிடுவேன். "நான்தான் வாப்பா, ஜலாலு." அவர் போனைத் தேடுவார். தலையணைக்கு அடியில் தடவுவார். வராத மகனுக்காக என் முன்னாலேயே கண்ணீர் விடுவார். "பாவம்டா தம்பி, போனக் குடுத்துரு. அவங்க சந்தோசமாத்தான இருந்தாங்க" என்று ராத்தா கெஞ்சினார். நான் இளகவில்லை. பெற்றவர் வாயால் பெயர் சொல்லிக் கூப்பிட வைக்காமல் விமானம் ஏறக்கூடாது என்று அடம். அதைப் பாசம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் என் ஆசைதான் பெரிதாக இருந்திருக்கிறது.

முப்பத்தோராம் நாள், ஆறிக்கொண்டிருந்த தேநீரைப் பார்த்தபடி இருந்தவர் இடது கையால் என் முழங்காலைத் தட்டினார். "ஏலே ஜலாலு. எப்ப வந்த?" என்றார். ராத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மீதி இருந்த நாட்களெல்லாம் பெருநாள்தான். வாய்க்கு வாய் என் பெயர். புறப்படும் அன்றும் நாற்காலியைத் தட்டிக் காட்டி, "உக்காருலே" என்றார். பயணம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது.

வந்து பத்து நாளாகிறது. என் கை சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் தானாகவே இடது கதவுக்குப் போகிறேன். எகிப்துக்காரரும் என்னை டிரைவர் என்று ஒத்துக்கொண்டார். அங்கே அஸர் முடிகிற நேரம் எனக்கு இங்கே சாப்பாட்டு இடைவேளை. வேனை நிழலில் நிறுத்திவிட்டு வீடியோ போடுகிறேன். ராத்தா முன்போலவே போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார். வாப்பா பார்ப்பதில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். எனக்குத் தெரிவது அவர் காதும் தொப்பியின் ஓரமும்தான். அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் என் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று ராத்தா ஒருமுறை எடுத்தும் பார்த்தார். வாப்பா போட்ட சத்தத்தில் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

"இங்கன பாருங்க வாப்பா, போன்ல. ஜலாலு கூப்புடுறான்" என்று நேற்றும் ராத்தா சொன்னார்.

"வாப்பா" என்று நானும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவர் நாற்காலி பக்கம் இன்னும் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏலே ஜலாலு, யாரோ வாப்பான்னு கூப்புடுறாங்க. யாருன்னு போய்ப் பாருலே."