தோல் வார் கட்டிய பாலம்

ஆம்பூரில் மக்பூல் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் நின்று நின்றே நரைத்தவன் ரத்தினசாமி. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் தோல் நாற்றம் உடம்பைவிட்டுப் போகாது. அந்த நாற்றத்துக்கெல்லாம் அவனுக்குக் குமட்டியதில்லை. குமட்டியது மணியக்காரர் அரங்கநாதனைப் பார்த்துத்தான்.

சேரிக்கும் ஷாப்புக்கும் நடுவே கானாறு. ஐப்பசியில் மலைத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். அவன் பெண்சாதி தாயாரம்மாள் ஷாப்பில் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை இடிக்க அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் ஒருத்திக்காகவே சாயபுவிடம் கெஞ்சி, கழித்துப்போட்ட பதனிட்ட தோலை வாங்கி வாராக அறுத்து, பனங்கட்டைகளை முளைகளோடு இறுக்கி நடைபாலம் போட்டான். ஒரு மழைக்காலம் முழுக்க அது அசைந்துகொடுக்கவில்லை.

சித்திரையில் கங்கையம்மன் ஊர்வலம் அந்தப் பாலத்தின் வழியாக என்று முடிவானது. முந்தின நாள் பார்வையிட வந்த மணியக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாடா இது, மாட்டுத் தோலா? இதும்மேலயா அம்மன் போவா? அறுத்துப் போடுங்கடா!"

அவர் காலில் புதுச் செருப்பு கிறீச்சிட்டது. அது மட்டும் என்ன, மல்லிகைப்பூவில் தைத்ததா? ஊரே அரிவாளோடு ஓடிவந்தது. தூ!

வாரை அறுத்துவிட்டு மஞ்சளில் தோய்த்த நூல் கயிறு கட்டினார்கள். மாவிலைத் தோரணம் வேறு. அம்மன் ஜம்மென்று போய்விட்டாள்.

"சாமி, திருவிழாதான் முடிஞ்சிபோச்சே. மறுபடியும் வார் கட்டிக்கிறேன்" என்று ரத்தினசாமி மணியக்காரரிடம் போய்க் கும்பிட்டான்.

"அம்மன் போன பாதையில தோலா? கை வச்சுப் பாரு, ஊர்ல இருக்கமாட்டே."

வெயிலில் நூல் இற்றுப்போனது. ஐப்பசி வெள்ளம் வந்தபோது தாயாரம்மாள் பாலத்தின் நடுவில் இருந்தாள். கயிறு அறுந்து கட்டைகள் உருண்டன. கீழே முள்புதரில் சிக்கிக் கிடந்தவளை இழுத்தெடுத்தார்கள். உயிர் தங்கியது. பட்டை இடித்த வலது கை மட்டும் நொறுங்கிப்போனது.

மறுநாள் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்தது. காட்பாடிக்குப் போய்த் திரும்பிய மணியக்காரர், பாலமில்லாமல் வீடு திரும்ப வழியின்றி அக்கரையில், செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"டேய் ரத்தினம், வாடா. தோள்ல தூக்கிக்கினு போ. வூட்டுக்குப் போய்த் தலைமுழுகிக்கிறேன்."

ரத்தினசாமி தண்ணீரில் காறித் துப்பினான்.

"மஞ்சக் கயிறு கட்டினீங்களே சாமி, அத்தப் புடிச்சிக்கினு வாங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வீட்டில் தாயாரம்மாளுக்குக் கஞ்சி ஊட்டவேண்டியிருந்தது.