சோடா இல்லாத விஸ்கி

ஸ்கொட்லாந்தில் பழைய விஸ்கி வடிசாலை ஒன்றைப் பார்த்துவிட்டு நானும் மருமகனும் இன்றுதான் லண்டன் இல்ஃபோர்ட் திரும்பினோம்.

பீப்பாய்களிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் விஸ்கி ஆவியாகிப் போகிறதாம். “அது தேவதைகளின் பங்கு” என்றார் சுற்றிக் காட்டிய வெள்ளைக்காரர்.

கடைசியில் ஆளுக்கொரு கிளாஸ் தந்தார். நான் சோடா கேட்டேன்.

“சோடா ஊற்றினால் விஸ்கி கெட்டுவிடும். இங்கே தருவதில்லை.”

மருமகன் என் காதருகே குனிந்தார். “மாமா, எல்லாரும் பாக்கினம். பேசாமல் குடியுங்கோ.”

“தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து சோடாவோடைதான் குடிக்கிறன். இவர் ஆர் எனக்குச் சொல்ல?”

கிளாஸை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

என் பங்கும் தேவதைகளுக்கே போயிருக்கும். அவர்கள் எதைக் கலந்து குடிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் எதைக் கலக்கிறீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.