அண்ணனின் தலைவலியும் மீண்டு வந்த பார்வையும்

அண்ணன் இல்லாத ஆடி மாதம் ஒன்று வந்து போய்விட்டது. ஆடி வெள்ளி என்றால் எங்களையெல்லாம் காரில் அடைத்துக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். வழிநெடுகப் பாட்டுதான். சுருதி சேராது. நாங்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் உரக்கப் பாடுவார்.

சேவூரில் பட்டு நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, தங்கையான என்னைப் படிக்கவைத்துக் கரையேற்றியவர் அவர்தான். தறியைவிட ஸ்டியரிங் அவருக்குப் பிடித்திருந்தது. ஆரணியில் வாடகைக் கார் ஓட்டினார். முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் அவரைத்தான் தேடுவார்கள்.

அவருக்கிருந்த தொல்லை தலைவலி. கண்களுக்குப் பின்னால் வலிக்கும் என்பார். தைலம், மாத்திரை, டீ என்று வருடங்கள் ஓடின.

"இன்னாங்க, எத்தினி நாளைக்கு மாத்திரையே போட்டுகினு இருப்பீங்க?" என்பார் அண்ணி.

"தல வலிக்காத டிரைவர் எவன் இருக்கான்? வெயிலு, போய்டும்."

ஒருநாள் போளூர் சாலையில், பக்கவாட்டில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண்ணை அவர் கவனிக்கவே இல்லை. மயிரிழையில் தப்பினாள். வீட்டுக்கு வந்து சாவியை அண்ணியிடம் கொடுத்தார்.

"பக்கத்துல வர்றது எனக்குத் தெரியல. இனிமே வண்டியத் தொடமாட்டேன்."

அண்ணன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கே கண்ணக் காட்டிட்டு வந்துடலாங்க," என்றார் அண்ணி.

கண் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை; ஆனால் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வேலூரில் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்தார்கள். "பார்வை திரும்ப வாய்ப்பு இருக்குங்க. தலைவலி முழுசா போகும்னு சொல்ல முடியாது. இந்தக் கட்டி இருக்கிற எல்லாருக்கும் வலிக்கிறதுமில்ல," என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

சில நாள் கழித்துக் கட்டிலின் இடப்பக்கம் நின்றிருந்தேன். தலையைத் திருப்பாமலே அண்ணன் கேட்டார்: "பாப்பா, ஏன் அழுதுகினு நிக்கிற?"

தலைவலி வெகுவாகக் குறைந்தது. எப்போதாவது எட்டிப் பார்க்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு மறுபடி கார் ஓட்டினார். தலைவலி என்று யார் சொன்னாலும், "எல்லாம் இதுவா இருக்காது, பயப்படாதீங்க. ஆனா விடாம வலிச்சா, பார்வை கொறஞ்சா, ஜல்தியா டாக்டராண்ட போங்க," என்பார்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் மாரடைப்பு வந்து அவரை அழைத்துக்கொண்டது.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அண்ணன் ஓட்ட முடியாத மாதங்களில் அவர் காரை ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கிய ஸ்டாண்டு நண்பர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணி, உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன். பாடிக்கொண்டே வண்டி ஓட்டும் அண்ணனை எங்களுக்கு இன்னும் சில வருடங்கள் கொடுத்தவர் நீங்கள்.